சர்வேயா, கமிட்டியா, போர்டு சீட்டா, இல்ல காசையே கையில குடுக்கறதா? சப்போர்ட் சர்வீஸ் வாங்கறவங்களை முடிவுல சேர்த்துக்க எந்த வழி சரி

போன மாசம் ஒரு ஃப்ரெண்டு போன் பண்ணாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு சப்போர்ட் சர்வீஸ் நடத்தற ஒரு அமைப்புல அவங்க மேனேஜர், வீட்டுக்கு உதவியாளர் அனுப்பறது, வெளிய போக வர வேன், பகல் நேரத்துக்கு ஒரு சென்டர்னு மூணு நாலு வேலை நடக்குது. அடுத்த வருஷ பிளான் போடறதுக்கு முன்னாடி சர்வீஸ் வாங்கறவங்களையும் சேர்த்துக்கணும்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்களாம், எப்படி சேர்த்துக்கறதுன்னு தான் குழப்பம். சர்வே எடுக்கலாமா, ஒரு கூட்டம் போட்டு கேக்கலாமா, ஆலோசனை கமிட்டி வைக்கலாமா, அமைப்போட நிர்வாகக் குழுவான போர்டுலயே ரெண்டு சீட் குடுத்துடலாமா, நீ இதையெல்லாம் உள்ள இருந்து பாத்தவ தானே, சொல்லுன்னாங்க. போன்ல பேசி முடியற விஷயம் இல்ல, அதனால உக்காந்து எழுதிட்டேன், இதே கேள்வியோட இருக்கற மத்தவங்களுக்கும் உதவட்டும்.

நான் வீல்சேர்ல இருக்கேன், பதினஞ்சு வருஷத்துக்கும் மேல உதவியாளர் சர்வீஸ் வாங்கிட்டு இருக்கேன். சர்வே ஃபார்ம் எத்தனை நிரப்பினேன்னு கணக்கு இல்ல. ஒரு இடத்துல ரெண்டு வருஷம் ஆலோசனை கமிட்டியில இருந்தேன், இன்னொரு இடத்துல ஸ்டாஃபும் நாங்களும் சேர்ந்து ஒரு சர்வீஸை முதல்ல இருந்து திரும்ப டிசைன் பண்ணோம். ஒவ்வொண்ணுலயும் என்ன நடக்கும்னு ஓரளவு தெரியும்.

ஒரு வார்த்தையைப் பத்தி முதல்லயே சொல்லிடறேன். ஆபீஸ் பேப்பர்ல எல்லாம் எங்களை பயனாளிகள்னு தான் எழுதுவாங்க. அந்த வார்த்தையில வாங்கிக்கற கை மட்டும் தான் தெரியுது, யோசிக்கற தலை தெரியல. நான் சர்வீஸ் வாங்கறவங்கன்னே எழுதறேன், நீளமா இருந்தாலும் பரவால்ல.

இதை ஏதோ நல்ல மனசுக்காக செய்யற காரியம்னு யாரும் நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளோட உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்னைக்கு ஏத்துக்கப்பட்டது, 2008 மே மாசம் நடைமுறைக்கு வந்தது. அதுல 4வது பிரிவோட 3வது உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கற சட்டம், கொள்கை, மத்த முடிவு எதுவா இருந்தாலும் அவங்களோட பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியா நெருக்கமா கலந்து பேசணும், தீவிரமா ஈடுபடுத்தணும்னு சொல்லுது, மாற்றுத்திறனாளி குழந்தைகளையும் சேர்த்துத்தான். 2018ல அந்த உடன்படிக்கையோட கமிட்டி 7வது பொதுக் கருத்துரைன்னு ஒண்ணு வெளியிட்டாங்க, அது முழுக்க இந்தப் பங்கேற்பைப் பத்தினது தான். மாற்றுத்திறனாளிகளே நடத்தற அமைப்பு வேற, மாற்றுத்திறனாளிகளுக்காக மத்தவங்க நடத்தற அமைப்பு வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்கன்னு அதுல தெளிவா பிரிச்சு வெச்சிருக்காங்க. அந்தக் கடமை அரசாங்கங்களோடது தான், ஆனா ஒரு சின்ன சர்வீஸ் நடத்தறவங்க கூட தங்களை அளந்து பாத்துக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியல. உலகத்துல 130 கோடி பேர், அதாவது ஆறுல ஒருத்தர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோட வாழறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அத்தனை பேரோட அன்றாட வாழ்க்கையும் அவங்க இல்லாத ரூம்ல முடிவாகிறது எவ்வளவு பெரிய தப்புன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, எதை வெச்சு ஒப்பிடறது? நிறைய பேர் எத்தனை பேர் கிட்ட கேட்டோம்ங்கறதை வெச்சு அளக்கறாங்க. ஐநூறு பேர் சர்வேயில பதில் சொன்னாங்க, கமிட்டியில எட்டு பேர் தான், அப்ப சர்வே தான் பெருசுன்னு தோணும். நான் வேற மாதிரி பாக்கறேன். கேள்வியை யார் எழுதினாங்க, நாங்க வேண்டாம்னு சொன்னா அது நிக்குமா, சொன்னதுக்கு பதில் எப்ப வரும், ரூம்ல யார் இல்ல. இந்த நாலையும் கேட்டுட்டா எந்த வழியா இருந்தாலும் அதுக்குள்ள அதிகாரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும். இது என் கண்டுபிடிப்பு இல்ல, 1969லயே ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒருத்தங்க மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியா வரைஞ்சு காட்டினாங்க, அதுல கருத்துக் கேக்கறது நாலாவது படி தான், அதுவும் பேருக்கு சேர்த்துக்கறதுங்கற பகுதிக்குள்ள தான் வருது. கூட்டாளியா உக்காறது ஆறாவது படி. அவங்க எழுதினது நகரத் திட்டங்களைப் பத்தி, ஆனா எங்க கதைக்கு அப்படியே பொருந்துது.

சர்வேயில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரும் அதுல தான் ஆரம்பிக்கறாங்க. செலவு கம்மி, சீக்கிரம் முடியும், பேர் சொல்லாம உண்மையை எழுத முடியும். கடைசியா சொன்னது சின்ன விஷயம் இல்லைங்க. என்னைக் குளிக்க வைக்கற, படுக்கையில இருந்து தூக்கி உக்கார வைக்கற ஒருத்தரைப் பத்தி நேர்ல குறை சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அந்த நெலமையில இருந்தவங்களுக்குத் தான் தெரியும், நாளைக்கு காலையில அதே கை தான் என்னைத் தொடப் போகுது. அதனால பேர் இல்லாம சொல்ற ஒரு வழி கண்டிப்பா இருக்கணும். ஆனா என்னோட நாலு கேள்வியில சர்வே முதல் கேள்வியிலயே விழுந்துடுது. கேள்வியை எழுதறது ஆபீஸ். உதவியாளர் மரியாதையா நடந்துக்கறாரா, நேரத்துக்கு வராரா, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுங்கன்னு வரும். அவர் காலையில ஏழு மணிக்கு சரியா வராரு, நானும் அஞ்சு போட்டேன். எனக்கு ஒன்பது மணிக்கு எழுந்தா போதும், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஃப்ரெண்ட்ஸ் கூட இருக்கணும்ங்கறது தான் என் ஆசை, அதைக் கேக்கற கேள்வி எந்த ஃபார்ம்லயும் வரல. ராத்திரி எட்டு மணிக்கு என்னைப் படுக்க வெச்சுட்டுப் போயிடுவாங்க, வருஷக்கணக்கா. ரிப்போர்ட்ல திருப்தி சதவீதம் நல்லா தான் இருந்திருக்கும்.

இன்னொண்ணு, வேற சர்வீஸே பாக்காதவங்க கிட்ட திருப்தியான்னு கேட்டா ஆமான்னு தான் சொல்வாங்க. கிடைக்கறதும் போயிடுமோன்னு பயம் இருக்கறவங்களும் ஆமான்னு தான் சொல்வாங்க. அதனால சர்வேயை தனியா ஒரு வழின்னு நான் எடுத்துக்கறதே இல்ல, மத்த வழிக்குத் துணையா வெச்சுக்கலாம், கேள்வியை சர்வீஸ் வாங்கறவங்களே எழுதினா, பதிலை வாங்கப் போறதும் அவங்களே போனா, அப்ப அது வேற தரம். பேட்டி எடுக்க வந்தவங்களும் தன்னை மாதிரி உதவியாளர் வெச்சு வாழறவங்கன்னு தெரிஞ்சதும் மனுஷங்க பேசற பேச்சே மாறிடுது, நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஒரு நாள் கூட்டம் போட்டு கேக்கறதைப் பத்தி அதிகம் சொல்றதுக்கு இல்ல. பிளான் எழுதறதுக்கு முன்னாடி போட்டா பிரயோஜனம் உண்டு, எழுதி முடிச்சு கையெழுத்துக்கு வெச்சிருக்கற நேரத்துல போட்டா அது தகவல் சொல்ற கூட்டம், கருத்துக் கேக்கற கூட்டம்னு பேர் வைக்கக்கூடாது. கூட்டத்துல பேசினது என்ன ஆச்சுன்னு ஒரு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் வரணும், ஏத்துக்கிட்டது எது, ஏத்துக்காதது எது, ஏன். இந்த ஒரு பழக்கம் இல்லாததால தான் ரெண்டாவது தடவை கூப்பிட்டா பாதிப் பேர் வர்றதில்ல.

ஆலோசனை கமிட்டி தான் இப்ப எல்லா அமைப்புக்கும் பிடிச்ச வழி. நான் ரெண்டு வருஷம் இருந்ததை சொல்றேன். மூணு மாசத்துக்கு ஒரு மீட்டிங், பத்துப் பேர், நல்ல மனுஷங்க, மரியாதையா நடத்தினாங்க. அஜெண்டா மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி மெயில்ல வரும், கூட அறுபது பக்க இணைப்பு. எங்கள்ல ஒருத்தருக்குப் பார்வை கிடையாது, அவர் எழுத்தைப் படிச்சு சொல்ற ஸ்கிரீன் ரீடர் வெச்சு கேப்பாரு, வந்த ஃபைல் ஸ்கேன் பண்ண படமா இருக்கும், ரீடருக்கு அது வெறும் வெத்துத் தாள். இன்னொருத்தருக்கு பெரிய பாரா படிச்சா புரியாது, சின்னச் சின்ன வாக்கியமா, படத்தோட இருந்தா தெளிவா புரிஞ்சுக்குவாங்க, அது கடைசி வரைக்கும் வரல. அதனால அந்த ரெண்டு பேரும் மீட்டிங்ல பேசாம உக்காந்திருந்தாங்க, மினிட்ஸ்ல எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்னு எழுதியிருந்துச்சு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகல. ரெண்டு வருஷத்துல நாங்க வேன் டைமிங் பத்தி ஆறு தடவை பேசினோம். அதை மாத்தற அதிகாரம் யார் கிட்ட இருந்துச்சோ அவங்க ஒரு மீட்டிங்குக்கும் வரல.

இதனால கமிட்டியே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். கமிட்டிக்கு ஒரு பலம் இருக்கு, அது தொடர்ந்து இருக்கும், போன வருஷம் என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் வெச்சிருக்கறது ஒரு கூட்டத்தால முடியாது, கமிட்டியால முடியும். தலைவர் சர்வீஸ் வாங்கறவங்கள்ல ஒருத்தரா இருந்து, அஜெண்டாவை அவங்களே போட்டு, கமிட்டி சொன்னதுக்கு நிர்வாகம் இத்தனை நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லியே ஆகணும்னு விதி இருந்தா அது வேலை செய்யும். இந்த மூணும் இல்லாத கமிட்டிக்கு என்னைக் கூப்பிட்டா இப்ப நான் போக மாட்டேன், உடம்புல தெம்பு அளவா தான் இருக்கு.

போர்டு சீட்டுக்கு வரேன். இங்க அதிகாரம் நிஜம், ஓட்டு உண்டு, பட்ஜெட் மேசை மேல வரும். ஆனா எத்தனை சீட்ங்கறது தான் எல்லாமே. பதினோரு பேர் போர்டுல ஒரே ஒருத்தரா உக்காந்தா என்ன ஆகும்னா, எல்லா மாற்றுத்திறனாளிக்கும் அவர் ஒருத்தரே பதில் சொல்லணும், காது கேக்காதவங்களுக்கும், மன வளர்ச்சி குறைபாடு இருக்கறவங்களுக்கும், தனக்கே தெரியாத வாழ்க்கைக்கெல்லாம். அவர் ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டா மாற்றுத்திறனாளி பிரதிநிதியே ஒத்துக்கிட்டாருன்னு ஆகிடும், எதிர்த்தா ஒருத்தர் மட்டும் எதிர்த்தாருன்னு ஆகிடும். குறைஞ்சது மூணு பேராவது வேணும், அதுலயும் வேற வேற குறைபாடு, வேற வேற வயசு, பெண்கள் கட்டாயம்.

பெரும்பான்மையே குடுக்க முடியுமான்னு கேட்டா, முடியும், அம்பது வருஷமா நடந்துட்டு இருக்கு. அமெரிக்காவுல பெர்க்லி ஊர்ல 1972ல சுயசார்பு வாழ்வு மையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, போலியோவால கழுத்துக்குக் கீழ அசைவு போயி ராத்திரியில மூச்சு விட உதவற அயர்ன் லங் மெஷினுக்குள்ள தூங்கின எட் ராபர்ட்ஸ் அதை வழிநடத்தினவர்கள்ல ஒருத்தர். மாற்றுத்திறனாளிகளே நடத்தற மையம், வீடு தேடித் தர்றது, உதவியாளரை சேர்த்து விடறது, வீல்சேர் ரிப்பேர், ஒருத்தருக்கொருத்தர் ஆலோசனைன்னு எல்லாம் அங்கயே. பின்னாடி அந்த மாதிரி மையம் நாடு பூரா வந்துச்சு, அந்த நாட்டு மத்திய அரசோட நிதி வாங்கற மையத்தோட போர்டுல பெரும்பான்மை மாற்றுத்திறனாளிகளா இருக்கணும்னு சட்டமே இருக்கு, முடிவெடுக்கற பொறுப்புல இருக்கற ஸ்டாஃப்லயும் அப்படித்தான். திறமையான ஆள் கிடைக்க மாட்டாங்கன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

போர்டோட பலவீனம் என்னன்னா, அது ரொம்ப மேல இருக்கு. போர்டுல உக்காந்துட்டு அடுத்த வருஷ பட்ஜெட்டை மாத்தலாம், ஆனா சென்டர்ல டாய்லெட் கதவு உள்பக்கமா திறக்கறதால வீல்சேரோட உள்ள போனா சாத்த முடியலங்கற விஷயம் அங்க வரவே வராது. அதுக்கு வேற வழி வேணும்.

சேர்ந்து டிசைன் பண்றது, சேர்ந்து நடத்தறது, நான் அதிகம் பேச விரும்பறது இதைப் பத்தி தான். சர்வீஸ்னு ஒண்ணை தர்றவங்க மட்டும் செஞ்சு முடிக்க முடியாது, வாங்கறவங்களும் உழைச்சா தான் அது உருவாகும்ங்கற கருத்தை 1970கள்ல எலினார் ஆஸ்ட்ரமும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் பேச ஆரம்பிச்சாங்க, பின்னாடி 2009ல பொருளாதார நோபல் வாங்கினவங்க அவங்க. எனக்கு உதவியாளர் வராருன்னா என்னைத் தூக்கறது அவர், எப்படித் தூக்கணும், எந்தத் தோள்ல கை வைக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறது நான், ரெண்டு பேரும் சேர்ந்தா தான் அந்த வேலை நடக்குது. அதையே சர்வீஸ் முழுக்க கொண்டு வர்றது தான் இது.

நாங்க செஞ்சதை சொல்றேன். உதவியாளர் டிரெயினிங்கை மாத்தணும்னு வந்துச்சு. ஆறு சர்வீஸ் வாங்கறவங்க, நாலு உதவியாளர்கள், ஒரு மேனேஜர். முதல்ல தனித்தனியா உக்காந்தோம், நாங்க எங்களுக்குள்ள, அவங்க அவங்களுக்குள்ள, ஏன்னா எடுத்த உடனே எதிரெதிரா உக்கார வெச்சா ரெண்டு பக்கமும் வாய் திறக்காது. அப்புறம் நாங்க எங்க அனுபவத்தை சின்ன வீடியோவா பதிவு பண்ணி அவங்களுக்குப் போட்டோம். உதவியாளர் ஒருத்தங்க அதைப் பாத்துட்டு, நான் இத்தனை நாள் உங்க தலைக்கு மேல உங்க அம்மா கிட்ட தான் பேசிருக்கேன், உங்க கிட்ட பேசவே இல்லன்னாங்க. அதுக்கப்புறம் அந்த ரூம்ல வேலை வேற மாதிரி நடந்துச்சு. அவங்க பக்கம் சொன்னதும் எங்களுக்குப் புதுசு, ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போக அவங்களுக்கு டைமே குடுக்கறதில்ல, பஸ்ல போற நேரத்துக்கு சம்பளம் இல்ல, நாங்க லேட்டா வராங்கன்னு திட்டிட்டு இருந்தோம். டிரெயினிங்ல முதல் ரெண்டு நாள் நாங்களே கிளாஸ் எடுக்கறதுன்னு முடிவாச்சு, அதுக்கு எங்களுக்கும் சம்பளம்.

ஆனா இதுக்கு நேரம் புடிக்கும், ஒம்போது மாசம் ஆச்சு. நல்லா வழிநடத்தற ஒருத்தர் வேணும். அதைவிடப் பெரிய ஆபத்து, எல்லாரும் உருகி உருகி டிசைன் பண்ணி முடிச்ச பிறகு மேல இருந்து பட்ஜெட் இல்லன்னு ஒரு வரி வந்து மொத்தமும் நின்னுடறது. எத்தனையோ இடத்துல இப்படி ஆகுது. அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு பணம் ஒதுக்கியாச்சு, இந்த எல்லைக்குள்ள குழு எடுக்கற முடிவு தான் இறுதின்னு எழுத்துல வாங்கிடணும்.

கடைசி வழி காசையும் கட்டுப்பாட்டையும் நேரா சர்வீஸ் வாங்கறவங்க கையில குடுக்கறது. இதைப் பத்திப் பேசினா இங்கிலாந்துல லீ கோர்ட்ங்கற இல்லத்தோட கதையைச் சொல்லியே ஆகணும், எனக்குத் தெரிஞ்சு இந்த மொத்த ஒப்பீட்டையும் அந்த ஒரு வீடே வாழ்ந்து பாத்திருக்கு. ஹாம்ப்ஷையர்ல இருந்த மாற்றுத்திறனாளிகள் இல்லம் அது. 1960கள்ல அங்க இருந்தவங்க எப்ப தூங்கணும், எப்ப வெளிய போகணும்ங்கறதுல எங்க பேச்சும் எடுபடணும்னு போராடினாங்க, தங்களுக்கு ஆதரவா இருக்கும்னு நம்பி ஆராய்ச்சியாளர்களை அவங்களே வரவழைச்சாங்க. வந்தவங்க வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணாங்க, 1972ல வந்த முடிவு நிர்வாகத்துக்கு வேலையை எப்படி சுலபமாக்கறதுங்கற பக்கமே சாஞ்சிருந்துச்சு, இப்படிப்பட்ட இல்லங்களே தேவையாங்கற கேள்வியைத் தொடவே இல்ல. அங்க முன்னாடி இருந்த பால் ஹன்ட் அதே 1972ல கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, இல்லங்கள்ல அடைபட்டவங்க எல்லாம் ஒண்ணு சேரணும்னு கூப்பிட்டார், அதுல இருந்து தான் பிரிட்டன்ல உடல் குறைபாடு உள்ளவங்களோட தனி இயக்கம் பிறந்துச்சு. அதே லீ கோர்ட்ல இருந்து ஒரு சின்ன குழு, புராஜெக்ட் 81னு பேர் வெச்சு, எங்களை இங்க வெச்சிருக்க செலவாகற பணத்தை எங்க கிட்டயே குடுங்க, நாங்க வெளிய வீடு எடுத்து உதவியாளரை நாங்களே வேலைக்கு வெச்சுக்கறோம்னு உள்ளாட்சி அமைப்பு கிட்ட பேசி ஜெயிச்சு 1980களோட ஆரம்பத்துல வெளிய வந்தாங்க. அப்ப நேரடியா காசா குடுக்க சட்டமே இல்ல, சுத்தி வளைச்சு தான் வாங்கினாங்க. 1996ல தான் அதுக்குன்னு சட்டம் வந்துச்சு.

பாருங்க, கருத்துக் கேட்டாங்க, ஆராய்ச்சி பண்ணாங்க, எதுவும் நகரல. காசு கைக்கு வந்ததும் எப்ப தூங்கறதுங்கற கேள்வியே இல்லாம போயிடுச்சு.

ஸ்வீடன்ல 1984ல ஸ்டாக்ஹோம்ல ஸ்டில்ங்கற கூட்டுறவு அமைப்பு ஆரம்பிச்சாங்க, அடால்ஃப் ராட்ஸ்கா அதோட முன்னோடி. உறுப்பினர்கள் எல்லாரும் உதவியாளர் வெச்சு வாழற மாற்றுத்திறனாளிகள், யாரை வேலைக்கு எடுக்கறது, என்ன வேலை, எந்த நேரம்னு ஒவ்வொரு உறுப்பினரும் தன் உதவியாளருக்குத் தானே முதலாளி மாதிரி, சம்பளக் கணக்கு, வரி, பேப்பர் வேலை எல்லாம் கூட்டுறவு பாத்துக்கும். 1994ல அங்க தனிப்பட்ட உதவியாளர் வெச்சுக்கறதே சட்டப்படி உரிமையா ஆச்சு. எனக்கு இந்த மாடல் தான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா வெறும் காசை மட்டும் கையில குடுத்துட்டு மீதியை நீயே பாத்துக்கோன்னு விட்டுட்டா சம்பளம் போடறது, லீவுக்கு ஆள் தேடறது, சண்டை வந்தா சமாளிக்கறது எல்லாம் ஒருத்தர் தலையிலயே விழும், பலரும் திணறிடுவாங்க. கூட்டுறவு அந்த பாரத்தைப் பகிர்ந்துக்குது.

ஆனா இந்த வழிக்கும் எல்லை உண்டு. என் உதவியாளரை நான் தேர்ந்தெடுக்கலாம், வேன் சர்வீஸை நான் தனியா மாத்த முடியாது, சென்டர் கட்டடத்தை மாத்த முடியாது. பொதுவா இருக்கற விஷயத்துக்குப் பொதுவா உக்காந்து தான் முடிவெடுக்கணும். குடுக்கற தொகையும் போதுமானதா இருக்கணும், இல்லைன்னா தேர்ந்தெடுக்கற உரிமை பேப்பர்ல மட்டும் இருக்கும்.

ரூம்ல யார் இல்லைங்கற கேள்வியை தனியா வெச்சிருந்தேன். மேல சொன்ன எல்லா வழியும் நல்லாப் பேசத் தெரிஞ்சவங்களுக்கு சாதகமானது, என்னையும் சேர்த்து. பேச்சே வராதவங்க, அறிவுசார் குறைபாடு இருக்கறவங்க, வீட்டை விட்டு வெளிய வர முடியாதவங்க, இவங்களுக்குப் பதிலா அம்மா அப்பாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டு சேர்த்தாச்சுன்னு கணக்குக் காட்டறது ரொம்ப நடக்குது. பெத்தவங்க கருத்து முக்கியம், அவங்க சுமக்கற பாரம் யாருக்கும் தெரியாது, ஆனா அது அவங்க கருத்து. பாதுகாப்பா வீட்டுல இருந்தா போதும்னு அம்மா சொல்வாங்க, மகனுக்கு வேலைக்குப் போகணும்னு இருக்கும். 1974ல அமெரிக்காவுல ஆரிகன் மாகாணத்துல அறிவுசார் குறைபாடு இருக்கறவங்களே கூடி பீப்பிள் ஃபர்ஸ்ட்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, நாங்க முதல்ல மனுஷங்கங்கறது தான் அந்தப் பேரோட அர்த்தம், தங்களுக்காகத் தாங்களே பேசறது. அதனால இவங்களால முடியாதுங்கற பேச்சை நான் ஏத்துக்கறதே இல்ல. சின்ன வாக்கியமா, படத்தோட இருக்கற ஈஸி ரீட்ல பேப்பர் குடுக்கணும், மீட்டிங்குக்கு முன்னாடி ஒருத்தர் கூட உக்காந்து விளக்கணும், நடுவுல பிரேக் விடணும், பேச்சு வராதவங்களுக்குப் படப் பலகையோ டேப்லெட்டோ வேணும், காது கேக்காதவங்களுக்கு சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் இல்ல, நீண்ட மீட்டிங்னா ரெண்டு பேர் மாத்தி மாத்தி. கூட்டத்துக்கே வர முடியாதவங்க கிட்ட நாம போகணும், அவங்க நாள் எப்படிப் போகுதுன்னு கூட இருந்து பாக்கணும், எந்த உதவியாளர் வந்தா முகம் மலருது, யார் வந்தா உடம்பு இறுகுதுங்கறதும் கருத்து தான்.

காசு விஷயத்தையும் வெளிப்படையா பேசிடுவோம். மேசையில உக்காந்திருக்கற எல்லாரும் சம்பளம் வாங்கறாங்க, நாங்க மட்டும் டீயும் நன்றியும் வாங்கிட்டு வரணும்னா அங்க சமம்ங்கறது இல்ல. நேரத்துக்குக் காசு, வர்ற வண்டிச் செலவு, கூட வர்ற உதவியாளர் செலவு, மூணும் தனித்தனியா குடுக்கணும், அன்னைக்கே குடுத்தா இன்னும் நல்லது, மூணு மாசம் கழிச்சு வர்ற பணத்துக்காக கையில இருந்து போட எல்லார் கிட்டயும் இருக்காது. அரசாங்க உதவித்தொகை வாங்கறவங்களுக்கு இந்தப் பணம் வந்தா அந்தத் தொகை குறையுமான்னு முன்கூட்டியே விசாரிச்சு சொல்லிடணும், இதுல மாட்டிக்கிட்டவங்க ரெண்டாவது தடவை வர பயப்படறாங்க.

இப்ப என் ஃப்ரெண்டுக்கு என்ன சொல்றேன்னா, இத்தனை வழியையும் வரிசையா வெச்சு ஒண்ணை மட்டும் பொறுக்காதீங்க, எந்த முடிவுக்கு எந்த வழின்னு பாருங்க. என் உடம்பை, என் வீட்டை, என் நேரத்தைத் தொடற முடிவு எல்லாம் என் கையில வரணும், அதனால உதவியாளர் சர்வீஸ்ல நேரத்தையும் ஆளையும் தேர்ந்தெடுக்கற உரிமையை இந்த வருஷமே தொடங்குங்க, காசா குடுக்க விதி இடம் தரலன்னாலும் இன்டர்வியூல உக்காந்து நாங்களே ஆள் எடுக்கறதை யாரும் தடுக்கப் போறதில்ல. வேன், சென்டர் மாதிரி பொது சர்வீஸ்ல ஒண்ணை மட்டும் எடுத்து சேர்ந்து டிசைன் பண்ணுங்க, நான்னா வேனை எடுப்பேன், ஏன்னா வண்டி இல்லாம மத்த எந்த மீட்டிங்குக்கும் யாராலயும் வர முடியாது. அதுக்குன்னு ஒரு தொகையை ஒதுக்கி, குழு முடிவே இறுதின்னு எழுதிக் குடுங்க. போர்டுல மூணு சீட், அடுத்த மூணு வருஷத்துல பாதிக்கு மேல போகணும்னு இப்பவே விதியில எழுதுங்க. ஆலோசனை கமிட்டி இப்போதைக்கு வேண்டாம், அதுக்கு செலவாகற ஸ்டாஃப் நேரத்தை டிசைன் குழுவுக்கு மாத்துங்க. சர்வேயை நிறுத்த வேண்டாம், கேள்வி எழுதற வேலையை எங்க கிட்ட குடுங்க, பேர் போடாம குறை சொல்ற வழி எப்பவும் திறந்து இருக்கட்டும்.

கையில பணமே கம்மி, இதுல ஒண்ணு தான் முடியும்னா, இன்டர்வியூ போர்டுல எங்களை உக்கார வைங்க. ஒரு நாற்காலி, ஒரு ஓட்டு, வேண்டாம்னு சொன்னா அந்த ஆள் வேலைக்கு வரக்கூடாது, அவ்வளவு தான் செலவு. இத்தனையும் மெசேஜ்ல சுருக்கி அனுப்பினேன், முதல் இன்டர்வியூ எப்ப வைக்கறதுன்னு திரும்பக் கேட்டாங்க. காலையில பதினொரு மணிக்கு மேல வைங்கன்னு சொல்லிருக்கேன், அதுக்கு முன்னாடி எங்கள்ல பாதிப் பேரு வீட்டுக்கு உதவியாளரே வந்து சேர்ந்திருக்க மாட்டாங்க.